என் கைகள் வெளுத்தபோது

முதலில் அது மாவு என்றுதான் நினைத்தேன். எங்கள் தீவின் தலைநகர் போர்ட் லூயிக்குப் பக்கத்து ஊரான போ பசானில் ஒரு ரொட்டிக் கடையில் எனக்கு வேலை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கப்பலில் கோதுமை மாவு வருவது குறைந்துபோய், மரவள்ளிக்கிழங்கு மாவையும் சோள மாவையும் கலந்து பிசைந்துகொண்டிருந்தோம். அந்தக் கலப்பு மாவு கையில் காய்ந்துவிட்டால் லேசில் போகாது. வலது கை ஆள்காட்டி விரலின் கணுமேல் இருந்த வெள்ளையை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டிருந்தேன். பிறகு ஒரு மாலை வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். சுற்றியிருந்த தோல் சிவந்து எரிந்தது. வெள்ளை அங்கேயே இருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவி வடக்கே பாம்ப்ளமூஸ் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மற்ற வீடுகளைப் போலவே, பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழியான கிரியோல்தான் பேச்சு; உறவுமுறை சொல்லி அழைக்கவும் சாமி கும்பிடவும் மட்டும் தமிழ். எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வந்ததென்றால் அது கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த வகுப்பின் புண்ணியம். இந்தக் கதையில் வருகிறவர்கள் பேசியதில் முக்கால் பங்கு கிரியோலில் பேசியது. நான் தமிழில் எழுதுகிறேன்.

அவள் என் கையை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "சூடு பட்டிருக்கும்," என்றாள். அடுப்பு வாயில் கையை விட்டு எடுக்கிறவனுக்குச் சூடு படாமலா இருக்கும் என்று நானும் அதை நம்பினேன்.

ஆறு மாதத்தில் இடது கையிலும் அதே விரலில், அதே இடத்தில் வந்தது. பிறகு இரண்டு மணிக்கட்டிலும். பிறகு வாயோரம், இடது கண் இமை, வலது கண் இமை. ஒரு பக்கம் வந்தது மறு பக்கமும் வரும். வலி கிடையாது, அரிப்பு கிடையாது. காலையில் முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்க்கும்போது நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. போன மாதத்தை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

காலை வேளையில் ரொட்டியை வீடு வீடாகப் போடுவதும் என் வேலைதான். சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி. ரயில் நிலையத்திலிருந்து மேட்டுத் தெரு வரைக்கும் முப்பது நாற்பது வீடுகள். மூங்கில் வேலிகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு போவேன். அந்த வீடுகளில் ஒன்றொன்றாக, ரொட்டி வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இனிமேல் சோறுதான் என்றார்கள். இன்னொரு வீட்டில் நாய் ஒன்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். அது நான் வரும் நேரத்துக்கு மட்டும் அவிழ்ந்திருக்கும்.

காரணத்தை என் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரே ஒருவர். பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிரியோல் இனத்து ஆசிரியை, தனியாக வசித்தவர். தினமும் இரண்டு ரொட்டி வாங்குவார். ஒரு நாள் தாம்பாளத்தை நீட்டி, "இதில் வை," என்றார். வைத்தேன். உள்ளே போகாமல் நின்றார்.

"உன் கையில் என்ன?"

"தெரியவில்லை, மதாம்."

"டாக்டரிடம் போனாயா?"

"இல்லை."

"ஏன்?"

பெட்டிமேல் துணியை இழுத்து மூடினேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். போனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்த வார்த்தை ஏற்கெனவே ஊரில் புழங்கிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து கிளம்பியது என்பதும் எனக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு முன் கோயிலில் நடந்த அன்னதானத்தில் வழக்கம்போல் நான் பரிமாற நின்றேன். வாழையிலையில் ஏழு கறியும் சோறும் வைப்பது என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் பங்கு. கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர், இந்தியாவிலிருந்து வந்த வைத்தியப் புத்தகம் ஒன்று வைத்திருந்தவர், என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குத் தமிழ்ல வெண்குஷ்டம்னு பேரு." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்த வார்த்தையைச் சொன்னார். ஆனால் பந்தியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதில் பின்பாதி மட்டும்தான் புரிந்தது. குஷ்டம். சாயங்காலத்துக்குள் அது கிரியோலுக்குப் போய் 'லலேப்' ஆகிவிட்டது. கிரியோலில் அந்த ஒரு வார்த்தைதான். தொழுநோய்க்கு வெள்ளை, கறுப்பு என்ற பிரிவெல்லாம் அதில் கிடையாது. பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீ பந்தியில நிக்க வேண்டாம்பா. பின்னால விறகைப் பார்த்துக்கோ," என்றார். நான் விறகைப் பார்த்துக்கொண்டேன்.

ஆசிரியை வீட்டுக்குள் போய் ஒரு காகிதத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தார். அவரிடம் படித்த பையன் ஒருவன் டாக்டராகி அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தான். "நாளைக்கே போ. ரொட்டி ஒரு நாள் வராவிட்டால் யாரும் சாகமாட்டார்கள்," என்றார்.

அந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பிரெஞ்சில் 'வூ', நீங்கள், என்று மரியாதையாக அழைத்தார். ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். முழங்கையின் உள்பக்கத்து நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார், காது மடலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"தொடும்போதெல்லாம் எங்கே என்று விரலால் காட்டுங்கள். தெரியாவிட்டால் சும்மா இருங்கள். ஊகித்துச் சொல்லக் கூடாது."

பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டார். காட்டினேன். மறுபடி. காட்டினேன். நடுவில் ஒரு நீண்ட நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அவர் தொட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக் கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் குண்டூசி எடுக்க மேஜைப் பக்கம் திரும்பியிருந்தார்.

ஊசி குத்தியது தெரிந்தது. வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் குளிர்ந்த நீர் ஊற்றியதையும் தோல்மேல் வைத்தபோது எது சூடு, எது குளிர்ச்சி என்று தெரிந்தது. காது மடலில் சிறிதாகக் கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனேன்.

"இது தொழுநோய் இல்லை," என்றார். "தொழுநோயில் திட்டு மங்கலாக இருக்கும், இப்படிப் பால் வெள்ளையாக இராது. அந்த இடம் மரத்துப்போயிருக்கும். உங்களுக்கு எல்லா இடத்திலும் உணர்ச்சி இருக்கிறது. தோல் நன்றாகத்தான் இருக்கிறது. நிறத்தை உண்டாக்குவதை மட்டும் அங்கங்கே நிறுத்திவிட்டது."

"ஏன் டாக்டர்?"

"எனக்குத் தெரியாது. எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கும் தெரியாது. இது யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஒன்றும் செய்யாது. அவ்வளவு தெரியும்."

"போய்விடுமா?"

"சிலருக்குத் தானாகக் கொஞ்சம் போகும். பலருக்குப் பரவும். உங்களுக்கு எப்படி என்று சொன்னால் அது பொய்யாக இருக்கும்."

கடைக்குக் காட்ட ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாமர நிழலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பல மாதமாகப் பிடித்துவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் இறங்கியது.

முதலாளி சான்றிதழை இரண்டு தரம் படித்தார். அவரும் எங்களவர்தான், கெட்டவர் இல்லை. "நான் நம்பறேன்," என்றார். "ஆனா இதை நான் நாற்பது வீட்டுக்கும் எடுத்துக்கிட்டுப் போய்ப் படிச்சுக் காட்ட முடியாதே." என்னை உள்ளே அடுப்படிக்கு மாற்றினார். அது இன்னும் மோசமாகிவிட்டது. வாசலில் வந்து கொடுக்கிற ஆளைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதே கைகள் மாவு பிசைகின்றன என்று தெரிந்தால் கடைப் பக்கமே வரமாட்டார்கள். மூன்று வாரத்தில் அவர் என்னை நிறுத்தினார். நிறுத்தும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லத் தெரியவில்லை.

சான்றிதழைக் காட்டி நன்றி சொல்ல ஆசிரியை வீட்டுக்கும் போனேன். அவர் படித்து, தலையாட்டி, திருப்பிக் கொடுக்கும்போது கைக்குட்டையால் பிடித்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அதை அவரே கவனித்தார். "எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் என் கை கேட்கமாட்டேன் என்கிறது. மன்னித்துவிடு," என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வேலை போன செய்தி வடக்கே போய்ச் சேர்ந்து, அவள் அண்ணன் வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றே பேசினார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சி எங்க வீட்ல இருக்கட்டும். பிள்ளை பொறக்கட்டும். உங்களுக்கும் உடம்பு சரியாகட்டும்."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், மச்சான். ஒட்டாது."

"டாக்டருங்க எழுதுவாங்க," என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சேலைகளை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் வயிற்றில் கை வைப்பதை நானே சில வாரங்களாக நிறுத்தியிருந்தேன். டாக்டர் சொன்னதை அவளுக்கு ஒப்பித்தேனே தவிர, எனக்கே அது உள்ளே இறங்கவில்லை. "போயிட்டு வா," என்றேன்.

அவள் போன பிறகு எனக்கு வைத்தியம் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாய் என்றார் ஒருவர். புளியை விடு என்றார் இன்னொருவர். வேப்பிலையை அரைத்து வெறும் வயிற்றில் விழுங்கினேன். காவடி எடுத்தேன்; அலகு குத்திக்கொண்டு வெயிலில் நடந்தேன். அன்று வரிசையில் என் முன்னாலும் பின்னாலும் இடைவெளி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடைசியில், போர் முடிந்து இந்தியக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியபோது, போர்ட் லூயியில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடையில் கார்போகரிசி எண்ணெய் கிடைத்தது. ஒரு செடியின் கறுப்பு விதையிலிருந்து எடுப்பது. நெடி தலைக்கு ஏறும். தடவிக்கொண்டு வெயிலில் இருந்தால் நிறம் திரும்பும் என்றார் கடைக்காரர். எவ்வளவு தடவுவது, எவ்வளவு நேரம் இருப்பது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஜனவரி மாதம். நடுப்பகலில் இரண்டு கையிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கருங்கல் சுவர்மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிறம் சீக்கிரம் திரும்ப வேண்டும், பிள்ளை பிறப்பதற்குள் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் விரல்களில் கொப்புளம் எழும்பி, இரண்டு கையும் வீங்கிக் கரண்டி பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துணியால் கட்டுப் போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னிடம் கோபமாகப் பேசினார்.

"யார் சொல்லிச் செய்தீர்கள்?"

"கார்போகரிசி எண்ணெய் விற்ற கடைக்காரர்தான். அந்த எண்ணெய் கெட்டதா, டாக்டர்?"

"கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். இந்தியாவில் வெகுகாலமாக உபயோகிக்கிறார்கள். அதைத் தடவிய தோலால் வெயிலைத் தாங்க முடியாது, அதுதான் அதன் வேலையே. ஒரு சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து தடவிவிட்டு, காலை வெயிலில் ஐந்து நிமிஷம். சிவக்காவிட்டால் அடுத்த வாரம் ஆறு நிமிஷம். நீங்கள் ஒரு வருஷத்து மருந்தை ஒரே பகலில் சாப்பிட்டிருக்கிறீர்கள்."

புண் ஆற ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில்தான் எனக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. கட்டுப் போட்ட கைகளோடு போய் நிற்க மனம் வரவில்லை.

குழந்தைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது ஒரு பகல் வேளையில் வாசலில் தகரப் பெட்டி வைக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி. தோளில் பிள்ளை. பாம்ப்ளமூஸிலிருந்து ரயிலில் போர்ட் லூயிக்கு வந்து, அங்கே மாறி, போ பசானுக்கு ஏறி வந்திருக்கிறாள். கூட யாரும் இல்லை.

"உன் அண்ணன்?" என்று கேட்டேன்.

"டிக்கெட் வாங்கின பிறகு சொல்லி அனுப்பிட்டேன்."

பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள்.

"வாங்குங்க. நான் கேட்டுட்டு வந்துட்டேன்."

அவள் ஊருக்கு அந்தப் பக்கம், கரும்புக் காடுகளைத் தாண்டி, தொழுநோயாளிகளைத் தங்கவைக்கும் இல்லம் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அந்த வழியாகப் போகமாட்டார்கள். என்னைப் பார்த்த அதே டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே வருவார் என்று அவள் எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறாள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, தனியாக நடந்துபோய், கேட்டருகில் காத்து நின்று, அவருடைய காரை நிறுத்தியிருக்கிறாள்.

"என்ன கேட்டே?"

"நாலு கேள்வி கேட்டேன். இவர் தொட்டா பிள்ளைக்கு வருமான்னேன். வராதுன்னார். ஒரே தட்டுல சாப்பிட்டா வருமான்னேன். வராதுன்னார். ரத்தத்துல போகுமான்னேன். சில குடும்பத்துல ரெண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் வராது, உறுதியா சொல்ல முடியாதுன்னார்."

"நாலாவது?"

"உங்களுக்குக் குஷ்டமாயிருந்து, எங்கிட்ட மறைக்கிறீங்களான்னு கேட்டேன். அவர் கோபப்படல. உள்ளே கூட்டிட்டுப் போய், குஷ்டம்னா எப்படி இருக்கும்னு ரெண்டு பேரைக் காட்டினார். அவங்க சம்மதிச்சாங்க. நான் பார்த்தேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சது."

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் புதுத் தோல் வந்திருந்தது. அதில் அவளுடைய தலை வெதுவெதுப்பாக இருந்தது.

"நான் போனது பயத்துல," என்றாள் மனைவி. "அதை இல்லேன்னு சொல்லமாட்டேன்."

எனக்கும் அதே பயம்தான் என்று அன்று அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை.

டாக்டர் அவளிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இல்லத்தில் ஒரு பழைய அடுப்பு இருக்கிறது. சுடுவதற்கு ஆள் இல்லாமல் இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. வெளியிலிருந்து வருகிற ரொட்டி பாதி நாள் வருவதில்லை. சம்பளம் அரசாங்கத்தது. உங்கள் கணவருக்கு இஷ்டமா என்று கேளுங்கள் என்றாராம்.

எனக்கு இஷ்டமில்லை. தொழுநோய் இல்லை என்று சான்றிதழை வைத்துக்கொண்டு அலைகிறவன் தானாகப் போய் அங்கே சேர்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். அப்படியே சொல்லவும் சொன்னார்கள்: பார்த்தாயா, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தான். ஆனால் வேறு கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தாகிவிட்டது. குடும்பத்தோடு வடக்கே குடிபோனோம்.

முதல் நாள் அடுப்பைச் சுத்தம் செய்யவே போய்விட்டது. இரண்டாம் நாள் காலை ரொட்டி எடுத்து, கூடத்தில் மேஜைமேல் அடுக்கினேன். வரிசையாக வந்தார்கள். நான் பழக்கத்தில் ஒதுங்கி நின்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினேன். முன்னால் நின்றவர் ஒரு வயதானவர். போர்ட் லூயியில் தையல்காரராக இருந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் உள்ளேயே இருப்பவர். விரல்கள் உள்பக்கம் மடங்கிப்போய் மேஜையிலிருந்து எடுக்க முடியாது. கைகளைச் சேர்த்து நீட்டினார். நான் ஒரு ரொட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். என் கையைப் பார்த்தார், ரொட்டியை முகர்ந்தார், ஓரத்தைக் கடித்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு அடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். சமையல்காரர் ஏதோ கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அங்கே நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, ரொட்டியை ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. முதல் வாரத்தில் ஒரு நாள் நேரமாகிவிட்டதென்று சூடாகவே கொடுத்துவிட்டேன். தையல்காரர் வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே நின்றார். சாயங்காலம் அவர் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அவருக்கே தெரியவில்லை, கட்டுப் போடுகிறவர்தான் பார்த்தார். கொப்புளத்தின் வலி என்னவென்று எனக்குத் தெரியும். அந்த வலி இல்லாமல் இருப்பது எப்படிப்பட்ட கேடு என்று அன்றுதான் தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு ரொட்டியையும் என் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே கொடுப்பேன்.

ஒரு நாள் அவர் தம் சட்டைக் கையின் நுனியால் என் மணிக்கட்டு வெள்ளையை உரசினார். "இங்கே உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"ஊசி குத்தினா?"

"வலிக்கும்."

"அப்படின்னா உன்னை ஏன் விரட்டினாங்க?" என்றார். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

டாக்டர் வரும் நாட்களில் என்னையும் பார்ப்பார். அவர் சொன்ன அளவில் எண்ணெயை மறுபடி ஆரம்பித்தேன். அடுப்படி வாசலில் காலை வெயிலில் ஐந்து நிமிஷம், அடுத்த வாரம் ஆறு. நான்கு மாதம் ஒன்றுமில்லை. ஐந்தாம் மாதம் கழுத்து வெள்ளைக்குள் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சின்னப் பழுப்புப் புள்ளிகள், மிளகு தூவினது போல. அவை பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தன. இரண்டு வருஷத்தில் கழுத்தும் கன்னமும் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்தன. விரல்களில், மணிக்கட்டில், உதட்டில் ஒரு புள்ளி கூட வரவில்லை. அந்த இடங்கள் அநேகமாக வராது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். மூன்றாம் வருஷம் எண்ணெயை நிறுத்திக்கொண்டேன். வருத்தம் இருந்தது, ஆனால் தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலை ஒன்று குறைந்தது.

பிறகு தொழுநோய்க்குப் புது மாத்திரை வந்தது. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். ஆனால் வேலை செய்தது. ஒவ்வொருவராக, இனி உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். தையல்காரருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அவர் தம் தம்பி மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. நான்காவது ஞாயிறு அவர் போகவில்லை. எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று என் மனைவி கேட்டாள். "இங்கே எனக்குப் பழகிப்போச்சு, மா," என்று சொல்லிவிட்டார். மாவு மூட்டைத் துணியில் மற்றவர்களுக்குச் சட்டை வெட்டும் முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டு இன்னும் ஆறு வருஷம் இருந்தார். அவரை அடக்கம் செய்த நாளில் நாங்கள் ஐந்து பேர் போனோம்.

என் பெண் வளர்ந்து, படித்து, மோகா ஊரில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தாள். சுதந்திரம் வரப்போகிறது, தேர்தல் வரப்போகிறது என்று தெருவெல்லாம் வாக்குவாதமாக இருந்த காலம். அவளைக் கேட்டு ஒரு நல்ல குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"உங்க கையைப் பத்திச் சொன்னாங்க. பொண்ணுக்கு வராதுன்னு உறுதி சொல்வீங்களா?"

"சொல்ல முடியாதுங்க," என்றேன். "என் குடும்பத்துல எனக்கு முன்னால யாருக்கும் இல்லை. சில குடும்பத்துல வரும், பெரும்பாலும் வராதுன்னு டாக்டர் சொன்னார். வந்தாலும் ஒட்டாது. உசிருக்கு ஒண்ணும் ஆகாது. இது குஷ்டம் இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர்கள் மரியாதையாகவே விடைபெற்றார்கள். திரும்பி வரவில்லை. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் மூன்றாம் நாள்.

பெண்தான் குறுக்கே வந்தாள். "அப்புறம் எனக்கு வந்தா, அந்த வீட்ல நான் என்னம்மா சொல்றது?"

மனைவி ரொம்ப நேரம் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் வந்த பையன் பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கிறவன். பெரியவர்களை அனுப்புவதற்கு முன் அவனே ஒரு நாள் வந்தான். நான் அதையே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "உங்க பொண்ணே எனக்கு முன்னமே சொல்லிட்டாங்க, மாமா," என்றான். சுதந்திரம் வந்த வருஷம் கல்யாணம் நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்கும்போது வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். என் மனைவி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்பு போ பசான் கோயிலில் மறுபடி பரிமாறக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். இரண்டு பேர் இலையை விட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கைகள் முழுக்க வெள்ளை, முழங்கை தாண்டிவிட்டது. வெயில் சுடும் என்பதால் நீளக் கைச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் வெளியே போவதில்லை. மகளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் வரவில்லை, பிள்ளைகளுக்கும் இதுவரை வரவில்லை. வந்தால் யாரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.